குழலின் நீளம் அளக்கும் சட்டம், குழலின் வலிமை கேளாதது ஏன்?

ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் வாழும் எமது வாசகர் ஒருவர் சென்ற மாதம் எமக்கொரு மடல் வரைந்திருந்தார். பெயர் வேண்டாம். அவர் மான் வேட்டையில் விருப்பமுள்ளவர். அவருடைய றைபிளின் குழல் நாட்பட்டுத் தேய்ந்துவிட்டது. புதுக்குழல் ஒன்றை விலைக்குக் கேட்டு எழுதினார். அது தபாலில் வீட்டுவாசலுக்கு வந்து சேர்ந்தது. நீர் யார், எவர் என்று ஒருவரும் வினாவவில்லை. ஒரு சனிக்கிழமை மாலை, தமது மோட்டார்க் கொட்டகையில், பிடிகருவியும் திருகுசாவியும் கொண்டு, பழைய குழலைக் கழற்றிப் புதியதை அவரே பூட்டினார். வாழ்நாளில் முதன்முறையாகச் செய்த வேலை. இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டதாம்.

முடிந்த பின்னரே அச்சம் வந்தது. இவ்வேலைக்கென விற்கப்படும் அளவுகட்டைகளை அவர் வாங்கவில்லை. தோட்டா ஒன்றின் அடியிலே ஒட்டுத்தாள் ஒட்டி மட்டுக்கட்டியிருந்தார். ஆகவே மறுநாட் காலை றைபிளைப் பழைய மோட்டார்ச் சில்லொன்றிற் கட்டி, விசையிலே நீண்ட கயிறு தொடுத்து, மரத்தின் பின்னால் நின்று இழுத்தார். வெடித்தது, ஒன்றும் சிதறவில்லை. ஆனால் வெளியே விழுந்த பித்தளைக் கூட்டை எடுத்துப் பார்த்தபோது, அதன் அடிக்குச் சற்று மேலே மினுமினுப்பான வளையம் ஒன்று ஓடியிருந்தது. அவருக்குப் பதினான்கு வயதில் ஒரு மகன் இருக்கிறான். மடலின் இறுதி வரிகள் இவை: "ஐயா, நீங்கள் சட்டம் படித்தவர்கள். இந்தக் குழல் தாங்குமா தாங்காதா என்று யாரிடமாவது காட்டிச் சான்று பெற வேண்டுமென இந்த நாட்டில் ஒரு சட்டமும் இல்லையா? அடுத்த கிழமை மகன் தான் சுடப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்."

நாம் அமெரிக்க நீதிமன்றங்களில் வழக்காடுபவர்கள் அல்லர். ஆயினும் அந்நாட்டின் சட்டங்களும் தீர்ப்புகளும் படிக்கத் தெரிந்த எவருக்கும் திறந்தே கிடக்கின்றன. படித்தோம். மாநிலங்கள் தத்தமக்கெனச் செய்துகொண்ட தனி விதிகளை இங்கு நாம் எடுத்துக்கொள்ளவில்லை. நாடு முழுவதையும் ஆளும் ஒன்றியச் சட்டத்தை மட்டுமே சொல்கிறோம். எமது வாசகரின் கேள்விக்கு அதன் விடை ஒரே சொல்: இல்லை.

இந்த "இல்லை" எத்துணைப் பெரிது என்பதை அறிய வேண்டுமாயின், அந்த மினுமினுப்பான வளையம் எதைக் காட்டிற்று என்று முதலில் அறிதல் வேண்டும். குழலின் பின்புறத்தே தோட்டா அமரும் அறை இருக்கிறது. அவ்வறையைப் பின்னாலிருந்து அடைத்து நிற்பது பூட்டு. தோட்டா அறைக்குள் தங்கி நிற்கும் இடத்துக்கும் பூட்டின் முகத்துக்கும் இடையே உள்ள அளவு மிக நுண்மையாக அமைய வேண்டும். ஆங்கிலத்தில் இதனை ஹெட்ஸ்பேஸ் என்பர். குறைந்தால் பூட்டு மூடாது. கூடினால் வெடிக்கும் வேளையில் பித்தளைக் கூடு பின்னோக்கி இழுபட்டு மெலிகிறது. அந்த மெலிவே வளையமாய்த் தெரிவது. இன்னுஞ் சிறிது கூடினால் கூடு இரண்டாய்ப் பிரியும். பிரிந்தால் உள்ளே நெரிபடும் வாயு சுடுபவனின் முகத்தை நோக்கிப் பாயும். மானுக்குப் பலரும் எடுக்கும் .308 வின்செஸ்டர் தோட்டாவிற்கு அந்நாட்டுத் தொழிலாளர் சங்கமன்று, உற்பத்தியாளர் சங்கமே விதித்த உச்ச அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 62,000 இறாத்தல். அதே தோட்டாவிற்கு "சரி" என்று சொல்லும் அளவுகட்டைக்கும் "சரியன்று" என்று சொல்லும் அளவுகட்டைக்கும் உள்ள வேறுபாடு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் நான்கு பங்கு. நீங்கள் கையிற் பிடித்திருக்கும் இத்தாளின் கனம் எவ்வளவு? ஏறக்குறைய அவ்வளவுதான். அந்தத் தாளின் கனத்திலே ஒரு சிறுவனின் கண் தங்கியிருக்கிறது.

சட்டம் இதைப்பற்றி வாய் திறக்கவில்லை. அப்படியாயின் குழலைப்பற்றியே அமெரிக்கச் சட்டத்துக்கு அக்கறை கிடையாதோ? அங்குதான் வியப்பு. அக்கறை உண்டு, மிகுதியாகவே உண்டு. ஆனால் எதன்மேல்?

1934 ஆம் ஆண்டின் தேசிய சுடுகருவிச் சட்டம் குட்டைக் குழல் றைபிள்களைப் பதிவேட்டிற் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் 200 டொலர் வரி விதித்தது. அன்று எல்லை 18 அங்குலம். 1960 இல் அதனை 16 அங்குலமாகக் குறைத்தார்கள். இன்று எமது வாசகர் பூட்டிய குழல் பதினாறு அங்குலத்துக்கு ஒரு நெல்லிடை குறைந்திருந்தால், முன்கூட்டி விண்ணப்பித்துப் பதியாமல் அதனைப் பூட்டிய குற்றத்துக்காகப் பத்து ஆண்டுகள் வரை சிறையிலிருக்கலாம். 2025 ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால் அந்த 200 டொலர் வரி 2026 சனவரி முதலாந் திகதியிலிருந்து குட்டைக் குழல் றைபிளுக்கு வெறுஞ் சுழியமாகிவிட்டது. பதிவும் தண்டனையும் இருந்தபடியே இருக்கின்றன. வரியில்லாத வரிச்சட்டம்! ஆளில்லாத ஊருக்கு அதிகாரி வைத்ததுபோல.

இந்தக் குட்டைக் குழல் விதி வந்த வழியையும் பாருங்கள். 1934 இல் மசோதா முதலில் எழுதப்பட்டபோது கைத்துப்பாக்கிகளும் அதனுள் அடங்கியிருந்தன. கைத்துப்பாக்கியைத் தடுத்தால், றைபிளின் குழலை அரிந்து மடியில் மறைத்துச் செல்வார்கள் என்ற எண்ணத்தால், குழலின் நீளத்துக்கும் வரம்பிட்டார்கள். பின்னர் எதிர்ப்பு எழவே கைத்துப்பாக்கியை நீக்கினார்கள். வரம்பு மட்டும் நின்றுவிட்டது. கோட்டை போயிற்று, மதகு நிற்கிறது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக அம்மதகுக்குக் காவல் போட்டிருக்கிறார்கள்.

அந்த நீளத்தை அளக்கும் முறையை அறிந்தபோதே எமக்குச் சிரிப்பும் சினமும் ஒருங்கே எழுந்தன. பூட்டை மூடி, குழலின் வாய்வழியே ஒரு கோலைச் செலுத்தி, அது பூட்டின் முகத்திலே முட்டும் இடத்திலிருந்து வாய் வரை அளக்க வேண்டும். அன்பர்களே, ஊன்றிப் பாருங்கள். அரசாங்கத்தின் அளவுகோல் எந்த இடத்திலே போய் முட்டுகிறதோ, அந்த இடத்திலேதான் எமது வாசகரின் ஆபத்தும் இருக்கிறது. பூட்டின் முகத்தைத் தொட்டுவிட்டுக் கோல் திரும்பி வருகிறது. அங்கே உள்ள இடைவெளி எவ்வளவு என்று அது கேட்பதில்லை!

நீளத்தின் பொருட்டு அந்நாட்டின் உயர் நீதிமன்றமே ஒருமுறை கூடியிருந்து ஆராய்ந்ததுண்டு. தொம்சன் சென்ரர் என்னும் நிறுவனம், பத்து அங்குலக் குழலுள்ள கைத்துப்பாக்கியும், இருபத்தோரு அங்குலக் குழலும், தோளிற் பொருத்தும் கட்டையும் சேர்ந்த ஒரு தொகுதியை ஆக்கியது. மூன்றையும் ஒன்றாக வைத்திருப்பவன், தோட்கட்டையையும் குறுங்குழலையும் சேர்த்துப் பூட்டினால் அது குட்டைக் குழல் றைபிள் ஆகுமே என்றது அரசாங்கம். நிறுவனம் 200 டொலரைச் செலுத்தி, அதைத் திரும்பத் தருமாறு வழக்கிட்டது. 1992 இல் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் நிறுவனமே வென்றது. பயனுள்ள வழியிலும் பூட்டக்கூடிய தொகுதியை வைத்திருப்பதனால் மட்டும் ஒருவன் குட்டைக் குழல் றைபிளை "ஆக்கியவன்" ஆகான். சட்டத்தின் சொல் ஐயத்துக்கிடமானால் அந்த ஐயம் குடிமகனுக்கே சேரும் என்பது நீதியரசர் சூட்டர் எழுதிய கருத்தின் சாரம். நல்ல தீர்ப்பு; குற்றச் சட்டத்தின் மூல தருமத்தை ஒட்டிய தீர்ப்பு. அதனை நாம் குறை கூறவில்லை. ஆனால் குழல் மாற்றுவதைப்பற்றி அந்நாட்டின் ஒன்பது நீதியரசர்களும் இருந்து விசாரித்த அந்த வழக்கு முழுவதும் அங்குலக் கணக்கும் வரிக் கணக்குமேயன்றி, பூட்டிய குழல் தாங்குமா என்ற பேச்சு அதன் எல்லைக்குள்ளேயே வரவில்லை. வர வழியுமில்லை. கேட்கும் சட்டம் இருந்தாலல்லவோ நீதிபதி கேட்பார்?

இனி, எமது வாசகரின் வாசலுக்குக் குழல் கேள்விமுறையின்றி வந்தது எப்படி? 1938 ஆம் ஆண்டின் ஒன்றியச் சுடுகருவிச் சட்டம், சுடுகருவியின் எந்தப் பகுதியையும் சுடுகருவி என்றே கொண்டது. ஒவ்வொரு திருகாணிக்கும் கணக்கு வைப்பது இயலாதென்று கண்டு, 1968 இன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதனைக் கைவிட்டு, துப்பாக்கியின் சட்டகம் அல்லது உடற்பகுதி ஒன்றையே துப்பாக்கியெனக் கருதியது. அன்று தொட்டுக் குழல் துப்பாக்கியன்று, வெறும் உதிரிப்பாகம். எந்த நிலையில் ஓர் உலோகத்துண்டு "உடற்பகுதி" ஆகிறது என்று வாதாடி 2025 மார்ச்சு மாதத்திலே வன்டர்ஸ்ரொக் வழக்கில் எழுவருக்கு இருவர் என்ற கணக்கில் தீர்ப்புப் பெற்றார்கள். அங்கும் பூட்டுவதற்குக் காத்திருக்கும் தொகுதிகளைப்பற்றியதே வழக்கு. தனியாய் வரும் குழலைத் தொடுவாரில்லை.

சரி, உதிரிப்பாகம் என்றே வைத்துக்கொள்வோம். சோறு சமைக்கும் அடுப்புக்கும், குழந்தையின் தொட்டிலுக்கும், வேறு பல வீட்டுப் பொருள்களுக்கும் 1972 ஆம் ஆண்டின் நுகர்பொருட் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஓர் ஆணைக்குழு இருக்கிறதே. அது இந்த உதிரிப்பாகத்தைச் சோதிக்கலாமே? கூடாது. அச்சட்டம் சுடுகருவிகளையும் தோட்டாக்களையும் தன் எல்லைக்கு வெளியே நிறுத்தியது. நிறுத்தியதோடமையாது, அவற்றின் உறுப்புகளையும் சேர்த்தே நிறுத்தியது. 2005 இல் துப்பாக்கி வணிகரை வழக்குகளிலிருந்து காக்க இயற்றிய சட்டமும் உறுப்புகளைத் தவறாமற் சேர்த்துக்கொண்டது. ஆகவே கட்டுப்பாடு என்று வரும்போது குழல் துப்பாக்கியன்று. பாதுகாப்பு என்று வரும்போது குழல் துப்பாக்கியே. பாரம் சுமக்கக் கூப்பிட்டால் ஒரு பக்கம், பாலுக்குக் கூப்பிட்டால் மறுபக்கம் குதிக்கும் மதில்மேற் பூனை இது. இந்தப் பூனையை வளர்த்தவர்கள் சட்டம் தெரியாதவர்கள் அல்லர்; நன்றாகத் தெரிந்தவர்கள்.

நியாயத்துக்காக ஒன்று சொல்ல வேண்டும். 2005 இன் சட்டம் எல்லாக் கதவையும் அடைத்துவிடவில்லை. பிறர் செய்த குற்றத்துக்காக வணிகர்மேல் வழக்கிடுவதையே அது தடுக்கிறது. பொருளிலுள்ள குறைபாட்டினால், முறையாகக் கையாண்டவன் காயமுற்றால் அவன் நட்டஈடு கோரலாம். ஆனால் கண் போன பிறகன்றோ அந்த வழக்கு! அந்த வழக்கிலும் எதிர்த்தரப்பார் எழுந்து கேட்கும் முதற் கேள்வி எதுவென்று இத்தொழிலில் இருபதாண்டு கழித்த எமக்குத் தெரியும்: "குழலைப் பூட்டியது யார்?" நீரே பூட்டினீர், அளவுகட்டை வாங்கினீரா? வாங்கவில்லை. ஒட்டுத்தாள்! அதற்குமேல் அவர் தரப்பில் எழுந்து நிற்க நாமே கூசுவோம்.

வேறு நாடுகள் என்ன செய்கின்றன? பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்தில் துப்பாக்கிக் குழல்களைச் சோதிக்கும் சாலை 1672 இல் ஏற்பட்டது. இலண்டன் துப்பாக்கிக் கொல்லர் சங்கம் 1637 இல் அரச பட்டயம் பெற்றது. பேர்மிங்காம் சோதனைச்சாலையை 1813 இல் பாராளுமன்றமே சட்டமியற்றி நிறுவியது. வழக்கமான அமுக்கத்தினும் மிகுந்த அமுக்கமுள்ள தோட்டாவைத் துப்பாக்கியிலிட்டு, ஆள் விலகி நின்று வெடிப்பார்கள். றைபிளுக்கு இன்றைய பன்னாட்டு விதிப்படி நூற்றுக்கு 25 மிகுதி. தாங்கினால் குழலில் முத்திரை விழும். தாங்காதது வெளியே போகாது. 1914 இல் லியேஜில் தொடங்கி 1969 இல் உடன்படிக்கையாய் நிலைபெற்ற பன்னாட்டு ஆணையத்தில் பிரித்தானியா, பிரான்சு, ஜேர்மனி, இத்தாலி முதலிய நாடுகள் சேர்ந்திருக்கின்றன. ஒரு நாட்டின் முத்திரையை மற்றது மதிக்கிறது. ஐக்கிய அமெரிக்கா அதிலே இல்லை. அங்கே 1926 இல் தோன்றிய உற்பத்தியாளர் சங்கம் அளவுகளை வகுக்கிறது. பெரிய நிறுவனங்கள் தாமாகவே சோதனையும் செய்கின்றன. தாமாக! சந்தையில் வெங்காயம் நிறுக்கும் தராசுக்கு அரச முத்திரை இல்லையென்றால் வணிகனைத் தண்டிக்கிறோம். "நான் யோக்கியன், தராசைத் தாமாகவே சரிபார்க்கிறேன்" என்று அவன் சொன்னால் விட்டுவிடுவோமா?

எமது கூற்றை மிகைப்படுத்தவும் விரும்பவில்லை. பிரித்தானியச் சட்டமும் தன் வீட்டிலே தன் துப்பாக்கியைத் திருத்துபவனின் கதவைத் தட்டுவதில்லை. 1868 இன் குழற் சோதனைச் சட்டம் விற்பனையையே பிடிக்கிறது. சோதியாத துப்பாக்கியை விற்பதே குற்றம். ஆனால் அங்கே குழலே சான்றிதழ் வேண்டும் உறுப்பாகையால், அது தபாற்காரன் வாசலிற் சாத்திவிட்டுப் போகும் பொருளன்று. குழல் மாற்றிய துப்பாக்கியை விற்க எண்ணுபவன் மீண்டும் சோதனைச்சாலைக்கு அனுப்பியாக வேண்டும். ஆகவே குழல் மாற்றுபவன் பெரும்பாலும் கைதேர்ந்த கொல்லனிடமே போகிறான். சட்டம் வற்புறுத்தாமலே வழி காட்டுகிறது.

இதற்கு அமெரிக்கர் சொல்லும் விடை நாமறிந்ததே. சுதந்திரம் என்பார்கள், அரசியலமைப்பின் இரண்டாந் திருத்தம் என்பார்கள். நம்மவரிலும் சிலர், அமெரிக்கா என்றதுமே கைகூப்பும் வழக்கமுடையோர், அதை வழிமொழிவார்கள். தன் பொருளைத் தானே திருத்திக்கொள்ளும் உரிமையை நாம் மறுக்கவில்லை. சைக்கிளைப் பிரித்துப் பூட்டாத பிள்ளை நம் ஊரில் உண்டோ? எமது வாசகர் குழலை மாற்றியது தவறென்று ஒரு சொல்லும் சொல்லோம். அவர் மாற்றிய குழலைச் சோதிக்க நாட்டில் இடமில்லாமையே எமது முறையீடு.

இரண்டாந் திருத்தத்தின் பெயரால் மறுப்போருக்கு அவர்களுடைய ஏட்டிலிருந்தே விடை தருவோம். 2022 இல் அந்த உயர் நீதிமன்றம் புரூன் வழக்கிலே ஒரு விதி சொன்னது: துப்பாக்கிபற்றிய கட்டுப்பாடு செல்லுமா என்பதை அந்நாட்டின் வரலாற்று மரபை நோக்கித் துணிய வேண்டும் என்று. மிக நன்று. மரபை நோக்குவோம். 1805 ஆம் ஆண்டு, அந்த அரசியலமைப்பை ஆக்கியோரிற் பலர் உயிரோடிருந்த காலத்தில், மசாசூசெற்ஸ் மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. அம்மாநிலத்திற் செய்யும் சுடுகருவிகளைச் சோதிக்க விதியில்லாமையால் பாதுகாப்பற்றவை வழக்கத்துக்கு வந்து குடிகளின் உயிருக்கு ஆபத்து நேரலாம் என்று அதன் முகவுரையே கூறுகிறது. சோதிப்போரை ஆளுநர் நியமிப்பார். சோதனையில் தேறிய குழலில் முத்திரை பொறிக்கப்படும். பொறிக்காது விற்றால் தண்டம். 1821 இல் மெயின் மாநிலமும் அவ்வாறே செய்தது. எங்கே போயிற்று அந்த மரபு? துப்பாக்கி வைத்திருக்கும் உரிமைக்கு முன்னோரைச் சாட்சிக்கு அழைப்பவர்கள், அதே முன்னோர் குழலில் இட்ட முத்திரையை ஏன் மறைக்கிறார்கள்? சாட்சியை அழைத்தால் முழுச் சாட்சியத்தையும் கேட்க வேண்டும். தமக்கு வேண்டிய பாதியோடு அவரைக் கூண்டிலிருந்து இறக்கிவிடுவது எந்த நீதிமன்ற வழக்கம்?

கேட்பது பெரிதொன்றுமன்று. 1972 இன் சட்டத்தில் உறுப்புகளை விலக்கி நிற்கும் சொற்களை எடுத்துவிடட்டும். தனியாய் விற்கப்படும் குழல் எந்தத் தோட்டாவுக்கு, எந்த அமுக்கத்துக்குச் சோதிக்கப்பட்டது என்ற முத்திரையோடு விற்கப்படட்டும். அளவுகட்டை இல்லாமற் குழல் விலைப்படலாகாது. குழல் மாற்றிய துப்பாக்கி கைமாறும்போது மறுசோதனை வேண்டும். வீட்டிலே பூட்டுகிறவனைச் சிறையிலிடும் ஒரு வரியும் இதில் இல்லை. பத்தாண்டுச் சிறை ஏற்கெனவே இருக்கிறது, நீளத்துக்காக. அதைக் கட்டிக் காப்பதிற் செலவிடும் கவலையில் நூறிலொரு பங்கு போதும்.

எமது வாசகருக்கு உடனே மறுமடல் எழுதினோம். சட்டம் உம்மை எங்கும் போகச் சொல்லவில்லை, நாம் சொல்கிறோம், கைதேர்ந்த துப்பாக்கிக் கொல்லனிடம் கொண்டுபோம், அதுவரை பையன் கையில் அதைக் கொடாதீர் என்றோம். சென்ற கிழமை விடை வந்தது. நாற்பது மைல் தொலைவில் ஒரு கொல்லன் இருந்தாராம். "சரியன்று" என்னும் கட்டையை அறையிலிட்டுப் பூட்டை மூடினாராம். மூடக்கூடாத பூட்டு மூடிக்கொண்டதாம். குழலைக் கழற்றி, அளவுபார்த்து மறுபடி பூட்டிக்கொடுத்திருக்கிறார். பையன் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான்.

மடலின் அடியிலே வாசகர் இன்னொரு கேள்வியும் கேட்டிருக்கிறார். வரும் ஆண்டில் இந்த றைபிளை ஊரவர் ஒருவருக்கு விற்க எண்ணமாம். குழல் மாற்றியதை வாங்குபவருக்குச் சொல்ல வேண்டுமென்று ஒன்றியச் சட்டத்தில் விதியுண்டா என்கிறார். மறுபடியும் ஏடுகளைப் புரட்டினோம். இல்லை. சொல்லும் என்று எழுதியிருக்கிறோம்.